புத்தளக் கரையோரம் – 11: அணைக்கட்டும் அதன் காவலும்

இத்தொடரின் முந்தைய அத்தியாயங்களில் நாம் பெரும்பாலும் சமுத்திர மார்க்கமாக வந்தவர்களையே பின்தொடர்ந்து சென்றோம். 1344ஆம் ஆண்டில் இந்தக் கரையிலே இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உபசாரத்தைப் பெற்று, சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போன இப்னு பதூதாவையும், கற்பிட்டியிலே கோட்டை எழுப்பிக் களப்பின் வாயிலைத் தம் கைப்பிடிக்குள் வைத்திருந்த ஒல்லாந்தரையும், அதே கற்பிட்டியிற் பிறந்து 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் விவரித்துப் பெருநூல் ஒன்றை வெளியிட்ட சைமன் காசிச்செட்டியையும் கண்டோம். இப்பொழுது கடலுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கு நோக்கித் திரும்ப வேண்டியிருக்கிறது. கரையோரத்து ஜனங்களின் வாழ்வை நிர்ணயித்தவை கப்பல்கள் மாத்திரம் அல்ல. உள்நாட்டின் மேட்டு நிலங்களிலே, பெரும்பாலும் நம்மவர் கண்ணிற் படாத தூரத்திலே, மண்ணாலும் கல்லாலும் பின்னர் சீமெந்தாலும் எழுப்பப்பட்ட அணைகளும், அவற்றைக் காத்தவர்களின் சிரத்தையும், காவாது விட்டவர்களின் அலட்சியமும் அதே அளவுக்கு இந்தக் கரையின் சரித்திரத்தைச் செய்திருக்கின்றன.

புத்தளம் மாவட்டத்தின் கரைக்கு வந்து சேரும் ஆறுகளுள் பெரியவை மூன்று. தெற்கே சிலாபத்தருகிற் கடலில் விழுவது தெதுரு ஓயா. நடுவே புத்தளம் நகரத்தின் அயலிற் களப்பைச் சேர்வது மீ ஓயா. வடக்கே வில்பத்துக் காட்டின் ஓரமாக ஓடி, எலுவன்குளத்தையும் கங்கேவாடியையும் கடந்து ஒல்லாந்தர் குடாவிற் கலப்பது கலா ஓயா. மழைக்காலத்திலே கரை கொள்ளாது பெருகுவதும், வெயிற்காலத்திலே மணற்படுகையின் நடுவே ஒரு கோடாய் மெலிவதும் இவற்றின் சுபாவம். ஆகையால் பண்டைக் காலந்தொட்டு இவற்றை மறித்துத் தேக்கியே இப்பிரதேசத்தில் வேளாண்மை நடந்து வந்திருக்கிறது. கலா ஓயாவிலே கலாவெவ, அதற்குக் கீழே ராஜாங்கனை. மீ ஓயாவிலே இங்கினிமிட்டிய. அதே ஆற்றின் வடிநிலத்திலே, புத்தளத்திலிருந்து அனுராதபுரம் செல்லும் பெருந்தெருவின் அண்டையிலே, தப்போவ. தெதுரு ஓயாவிலே 2014இல் நிறைவெய்திய புதிய நீர்த்தேக்கம். இவற்றுட் சில நம் மாவட்டத்துக்கு உரியவை; சில குருநாகலுக்கும் அனுராதபுரத்துக்கும் உரியவை. எந்தக் கச்சேரியின் அதிகாரத்துக்குள் இருந்தபோதிலும், வான்கதவு உயர்த்தப்பட்டால் அந்தத் தண்ணீர் வந்து சேர்வது நம் கரைக்குத்தான்.

நீர்மின் அணைகளைப் பற்றிய பேச்சு எழும்போது நம் மாவட்டத்தை எவரும் நினைப்பதில்லை. அதற்கு நியாயமும் உண்டு. மின்சாரம் என்றவுடன் புத்தளத்தார்க்கு ஞாபகம் வருவது நுரைச்சோலையில் நிலக்கரி எரிக்கும் 900 மெகாவாட் நிலையமும், கற்பிட்டித் தீபகற்பத்திலே சுழலும் காற்றாலைகளுமே அன்றி, அருவியும் அணையும் அல்ல. ஆயினும் ஆற்றின் வழியை மேல்நோக்கித் தேடிக்கொண்டு போனால் வேறொரு விஷயம் வெளிப்படும். 1976ஆம் ஆண்டிலே, கண்டிக்கு அணித்தான பொல்கொல்லையில் மகாவலி கங்கை மறிக்கப்பட்டு, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பப்பட்டது. அங்கே சுழலிகளைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர் அம்பன் கங்கையைச் சேர்ந்து, போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து, அங்கே இரண்டாகப் பிரிகின்றது. ஒரு பங்கு போவத்தென்ன மின்நிலையத்தினூடாக மீண்டும் அம்பன் கங்கைக்குப் போகிறது; மற்றொரு பங்கு வேறொரு சுரங்கத்தின் வழியே வடமேற்காகச் சென்று கலாவெவயை நிரப்புகிறது. கலாவெவயின் வயல்களிற் பாய்ந்து வடிந்தது ராஜாங்கனைக்கும், அங்கிருந்து கலா ஓயாவுக்கும், முடிவிலே புத்தளம் களப்புக்கும் வருகின்றது. மலைநாட்டிலே மின்சாரமாய் உழைத்த தண்ணீர்தான் கங்கேவாடிச் செம்படவனின் வலையை நனைக்கிறது என்று சொன்னால், அதிலே அதிசயோக்தி அதிகம் இராது. தெதுரு ஓயா நீர்த்தேக்கத்திலும் 1.5 மெகாவாட் அளவிலான சிறியதொரு மின்நிலையம் உண்டு. ஆகவே அணைகள் முதுமையடைவதும், அவை முறையாகப் பேணப்படுகின்றனவா என்பதும் மலைநாட்டாரின் கவலை மட்டும் என்று எண்ணி நாம் வாளாவிருக்க இயலாது.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னன் கலாவெவயைக் கட்டுவித்தான் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிந்தது. கட்டியவனின் நாமத்தைச் சரித்திரம் விளம்பரப்படுத்தியது. ஆனால் கட்டிய பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அக்கட்டைக் காத்தவர்களின் நாமம் ஒன்றையேனும் அது நமக்குச் சொல்லவில்லை. அரசர்கள் கட்டினார்கள், பகைவர் உடைத்தார்கள் என்று இரண்டே வாக்கியங்களில் குளங்களின் கதையை முடித்துவிடும் வழக்கம் நம் நூலாசிரியரிடையே வேரூன்றியிருக்கிறது. எனது அபிப்பிராயத்தில் இவ்வழக்கம் பெரும்பாலும் பிழையானது. பகைவர் உடைத்த குளங்களிலும், பராமரிப்பாரின்றித் தாமே உடைந்தவை அநேகம்.

அந்தப் புராதனக் கட்டுகளிலே தொழில்நுட்பம் குறைவாயிருந்ததென்று எவரும் எண்ண வேண்டாம். 1873 முதல் 1904 வரை இலங்கையில் நீர்ப்பாசன உத்தியோகம் பார்த்த ஹென்றி பாக்கர் என்னும் ஆங்கிலேயர், பழைய குளக்கட்டுகளினுள்ளே துருசின் மேற்பக்கத்தில் சதுரக் கிணறு போலக் கட்டப்பட்டிருந்த பிசோகொட்டுவ என்னும் அமைப்பை ஆராய்ந்து, நீரின் அழுத்தத்தை அடக்கி, அதன் வெளியேற்றத்தை நெறிப்படுத்தும் பொருட்டே அது செய்யப்பட்டிருக்க வேண்டுமென்று கண்டு வியந்தார். ஐரோப்பாவில் அத்தகைய ஏற்பாடு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இத்தீவிலே அது கையாளப்பட்டது என்பது அவர் முடிபு. 1909இல் வெளிவந்த அவரது நூலில் இவ்விஷயம் விஸ்தாரமாகப் பேசப்பட்டிருக்கிறது. துருசு எவ்வளவு நுட்பமானதாயினும், அதைச் சுற்றியுள்ள மண்ணை வருடந்தோறும் இறுக்கி, கட்டின் மேல் முளைக்கும் மரக்கன்றுகளைப் பிடுங்கி, மழைக்கு முன்னே சரிந்த இடங்களிற் கூடை கூடையாக மண் கொட்டி உயர்த்தும் கைகள் இல்லாமற்போனால் அந்த நுட்பம் ஒரு மாரிக்கும் தாங்காது.

அந்தக் கைகளைக் கொணர்ந்து சேர்த்தது இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறை. நிலம் வைத்திருப்பவன் வருடத்தில் குறித்த நாட்கள் பொதுவேலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அது கொடுமையாகவும் பிரயோகிக்கப்பட்டது. தெரு வெட்டவும் சுமை தூக்கவும் ஆங்கில அதிகாரிகளே அதைத் துர்விநியோகம் செய்தார்கள். கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின்படி 1832இல் அம்முறை ஒழிக்கப்பட்டபோது மனிதர் விடுதலை பெற்றார்கள் என்று நாம் மகிழ்வது நியாயமே. ஆனால் ஒழித்தவர்கள், குளக்கட்டுக்கு இனி மண் சுமப்பவன் யார் என்ற கேள்விக்கு விடை சொல்லாமலே ஒழித்தார்கள். கட்டாயம் போயிற்று; கடமையும் கூடவே போயிற்று. அடுத்த கால் நூற்றாண்டிலே உலர்வலயத்தின் கிராமக் குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூர்ந்தன, உடைந்தன, காடேறின. வயலிழந்தவர்கள் சேனைப் பயிருக்குத் திரும்பினார்கள். காய்ச்சலும் பஞ்சமும் அவர்களைத் தொடர்ந்தன.

இந்தப் பிழையை உணர்ந்து திருத்த முற்பட்ட முதல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். அவர் காலத்தில், 1856இல் நிறைவேறிய நீர்ப்பாசனச் சட்டம், பழைய கிராம வழக்கங்களுக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. எவனுடைய வயலுக்கு எவ்வளவு நீரோ அதற்கேற்ற அளவு கட்டைப் பேணும் வேலையும் அவனுடையது என்ற நியதி மறுபடியும் உயிர் பெற்றது. அதை நடத்துவிக்க வெல்விதானை என்னும் கிராம உத்தியோகத்தன் இருந்தான். வெல்விதானைகளைப் பற்றிப் புகழ்ந்து பாடுவது என் நோக்கமன்று. அவர்களிற் பலர் தங்கள் சுற்றத்தாரின் வயலுக்கு முதலில் நீரை விட்டார்கள் என்பதும், ஏழை உழவனிடம் நெல்லிற் கழிவு வாங்கினார்கள் என்பதும் உண்மையே. இருந்தும் அடைமழை இரவிலே, கட்டில் எந்த இடம் இளகியது, எந்தத் துருசின் கீழ்ப்பக்கத்தில் நீர் கசிகிறது என்று பந்தத்தைக் கையிலெடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டிய ஒரு மனிதன், பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு மனிதன், ஒவ்வொரு குளத்துக்கும் இருந்தான். 1880களின் பிற்பகுதியில் தேசாதிபதி ஆதர் கோர்டன் கலாவெவயை மீட்டதும், 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தாபிக்கப்பட்டதும் பெருங்குளங்களைப் பொறியியலாளர் கைக்கு மாற்றின. கிராமக் குளங்களோ வெல்விதானைகளிடமே நின்றன.

நம் மாவட்டத்துத் தப்போவ அந்தப் புனருத்தாரண யுகத்தின் பிள்ளை. பழைய அழிந்த குளமொன்று புதுப்பிக்கப்பட்டு, நிலமற்ற உழவர் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட இடங்களுள் தீவிலேயே ஆரம்ப முயற்சிகளில் அதுவும் ஒன்று. மலேரியா மலிந்த அந்தக் காட்டிலே முதற் குடியேற்றவாசிகள் பட்ட பாடு தனியோர் அத்தியாயத்துக்கு உரியது; இங்கே அது வேண்டாம்.

1957ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து வெள்ளத்தை நம் முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. வடகீழ்ப் பருவமழை வரம்பு மீறிப் பொழிந்து, உலர்வலயம் முழுவதும் குளங்கள் வான் பாய்ந்தன, பல உடைப்பெடுத்தன, அனுராதபுரத்துக்கு அணித்தான நாச்சதுவ என்னும் பெருங்குளமே கடுஞ்சேதமுற்று, அடுத்த ஆண்டிலே திருத்தப்பட வேண்டியதாயிற்று. இவ்வளவு பெரிய எச்சரிக்கை கிடைத்த மறு ஆண்டிலேயே, 1958இல், பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டத்தால் வெல்விதானை உத்தியோகம் நீக்கப்பட்டு, அதன் ஸ்தானத்தில் விவசாயிகள் தெரிந்தெடுக்கும் செய்கைக் குழுக்கள் வந்தன. குத்தகை உழவனைக் காக்க எழுந்த அந்தச் சட்டத்தின் நோக்கத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் 1832இல் நேர்ந்த அதே காரியம் இன்னொரு வேஷத்திலே திரும்பி வந்ததை வரலாற்று மாணவன் காணாமலிருக்க முடியாது. பொறுப்பு ஒருவனிடமிருந்து ஒரு குழுவுக்குப் போயிற்று. குழு கூடாத இரவிலே மழை பெய்தது.

மின்சாரத்துக்கென எழுந்த அணைகளின் கதை வேறு வழியிற் செல்கிறது. டி. ஜே. விமலசுரேந்திர என்னும் சுதேசப் பொறியியலாளர், களனி கங்கையின் கிளைகளிலிருந்து மின்சக்தி பெறலாமென்று 1918இலேயே பொறியியலாளர் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். அவர் சொல்லை அரசு நீண்டகாலம் செவிமடுக்கவில்லை. நோட்டன் பிரிட்ஜில் நீர் மறிக்கப்பட்டு லக்சபான நிலையம் ஓடத்தொடங்கியது 1950இல்தான். பின் 1965இல் காசல்றீ, 1969இல் மவுசாகலை, 1980களிலே விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல. இவற்றுள் மூத்ததற்கு இன்று எழுபத்தைந்தைக் கடந்த வயது. மண்கட்டைப் போல இவை கிராமத்தார் கூடை மண்ணால் உயிர் பிழைப்பவை அல்ல. இவற்றின் நோய்கள் நுண்ணியவை, சிகிச்சையும் விலையுயர்ந்தது. கதவின் அச்சிலே துரு ஏறும். அடைப்பு ரப்பர் வெடிக்கும். சுழலியின் இதழை ஆற்று மணல் தேய்க்கும். அணையின் அடியில் வண்டல் படிந்து, தேக்கத்தின் கொள்ளளவை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விழுங்கும். பொல்கொல்லையின் சிறிய தேக்கத்திலே, மேல்நாட்டுச் சரிவுகளில் மரக்கறித் தோட்டங்களிலிருந்து அடித்துவரப்பட்ட வண்டல் ஏராளமாகப் படிந்ததென்பது இத்துறையினர் யாவரும் அறிந்தது. புதிய அணைக்கும் வயோதிகம் உடனே வந்துவிடலாம் என்பதற்குச் சமனலவெவ சாட்சி. 1992இல் நீர் நிரப்பிய சில மாதங்களுக்குள்ளாகவே அதன் வலப்பக்க மலைத்தோளின் வழியே வினாடிக்கு ஏழு கன மீட்டருக்கு மேல் தண்ணீர் பீறிட்டது. களிமண் கொட்டி அதைக் குறைக்கப் பார்த்தார்கள், குறைந்தது. ஆனால் அடியோடு நிற்கவில்லை. அணை பாதுகாப்பாக இருக்கிறதென்று பொறியியலாளர் ஓயாது அளந்து அளந்தே அதனுடன் வாழ்ந்து வருகிறார்கள்.

இந்த அளத்தல் என்ற காரியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது வாசகர்க்குப் பிரயோஜனமாயிருக்கும். மண் அணை எதுவும் முற்றும் நீர்புகாத பொருள் அன்று. உள்ளே எப்பொழுதும் ஈரம் ஊறிக்கொண்டிருக்கும். கீழ்ப்பக்கத்து அடியிலே அது கசிந்து வெளிப்படும். கசிவு கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வெளிவரும் நீர் தெளிவாயிருக்கிறதா, கலங்கலாயிருக்கிறதா என்பதே கேள்வி. கலங்கலாயின் அது உள்ளிருந்து மண்ணை எடுத்துக்கொண்டு வருகிறது என்பது பொருள்; மண் எடுபட்ட இடத்திலே குழாய் போன்ற வெற்றிடம் பின்னோக்கி வளரும்; அது தேக்கத்தின் நீரைத் தொட்ட கணத்திலே கட்டு சரியும். இக்காரணம் பற்றியே கசியும் நீரை முக்கோண வெட்டுள்ள தகட்டின் மேல் ஓடவிட்டு அதன் உயரத்தை நாள்தோறும் குறிக்கிறார்கள். கட்டினுள்ளே துளைக்குழாய்களை இறக்கி ஊற்றுமட்டத்தைப் பார்க்கிறார்கள். துருசுக் குழாய் மண்ணோடு சேருமிடம் எப்பொழுதும் பலவீனமானது. கறையான் புற்று, முள்ளம்பன்றியும் உடும்பும் தோண்டும் வளை, வேரூன்றி வளர்ந்து பின் பட்டுப்போன மரத்தின் உக்கிய வேர்த்தடம் ஆகிய யாவும் நீருக்கு வழி காட்டிக் கொடுப்பவை. மேலாகப் பாய்ந்தாலோ மண் அணைக்கு மீட்சியே இல்லை. ஆகையாற்றான் வான்கதவுகள் வேளைக்குத் திறக்க வேண்டும்.

வான்கதவு என்பது வருடத்தில் பெரும்பாலும் சும்மா கிடந்து, ஒரு நாள், அதுவும் புயலடிக்கும் நள்ளிரவில், தவறாது வேலை செய்ய வேண்டிய இயந்திரம். அன்றைக்குத்தான் மின்கம்பிகள் அறுந்திருக்கும். தெரு வெள்ளத்தில் மூழ்கியிருக்கும். உதவிக்கு ஆள் வர இயலாது. டீசல் இயந்திரம் ஓடவில்லையெனில் கையாற் சுழற்றி உயர்த்த வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் அது நெடுநேர வேலை. தப்போவயில் இருபது கதவுகள், இங்கினிமிட்டியவில் ஆறு, தெதுரு ஓயாவில் எட்டு. கயிற்றுக்குக் கொழுப்பிடுவதும், கோடையிலே ஒருமுறை ஒவ்வொரு கதவையும் உயர்த்தி இறக்கிப் பார்ப்பதும், கழன்ற திருகாணியை இறுக்குவதும் பத்திரிகைச் செய்தியாவதில்லை. எந்த மந்திரியும் அதற்கு நாடா வெட்டுவதில்லை. கட்டுவதற்குக் கடன் தரும் தேசங்கள் உண்டு. கொழுப்பிடுவதற்குக் கடன் தருவார் அரிது.

காவல் தளர்ந்தால் என்ன நேரும் என்பதை நம் நாடு 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அறிந்தது. அன்று விடியற்காலம், ஜனங்கள் அயர்ந்து உறங்கும் வேளையிலே, திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தின் ஏறக்குறைய ஐம்பதடி உயரமுள்ள கட்டு உடைந்தது. ஏழாம் நூற்றாண்டில் அக்கபோதி மன்னன் கட்டுவித்ததாகக் கூறப்படும் அந்தக் குளம், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நின்றது. நூற்றிருபதுக்கு மேற்பட்டோரை ஓரிரவில் மாய்த்தது. ஆயிரக்கணக்கான வீடுகளும் வயல்களும் அழிந்தன. கட்டின் மேலாகக் கனத்த வாகனங்கள் ஓடவிடப்பட்டமை காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. குளக்கட்டைப் பெருந்தெருவாகப் பாவிப்பது இன்றும் நம் மாவட்டத்திலும் பிற இடங்களிலும் சர்வசாதாரணமான காட்சி. கந்தளாயை முதுமை கொன்றது என்பார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. பதின்மூன்று நூற்றாண்டுகள் நின்றதற்கு முதுமை தடையாயிருக்கவில்லையே!

கந்தளாய்க்குப் பின்னும் நாடு விழித்தெழ நீண்டகாலம் சென்றது. முந்நூறுக்கு மேற்பட்ட பெரிய, நடுத்தர அணைகளையுடைய இத்தீவிலே, உலக வங்கியின் கடனுதவியுடன் அணைப் பாதுகாப்புக்கென்றே ஒரு திட்டம் 2008இல்தான் ஆரம்பமாயிற்று. அதன் கீழ் ஆபத்து மிகுந்தவையெனக் கருதப்பட்ட முப்பதுக்கு மேற்பட்ட அணைகள் முதலிற் பழுதுபார்க்கப்பட்டன; அளவுக் கருவிகள் பொருத்தப்பட்டன. நல்ல காரியம். ஆனால் திட்டம் என்பது ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உள்ள பொருள். பராமரிப்புக்கோ முடிவே கிடையாது. திட்டம் முடிந்த பின் கருவியின் எண்ணை வாசிப்பவன் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதையே நான் எப்பொழுதும் கேட்க விரும்புகிறேன். அயல்நாடாகிய இந்தியா, முல்லைப் பெரியாறு பற்றிய ஓயாத வழக்குகளுக்கிடையே, அணைப் பாதுகாப்புக்கென 2021இல் தனிச் சட்டமே இயற்றியது. 1895இல் சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டப்பட்ட அவ்வணையின் பேரில் இரு மாநிலத்தாரும் கொண்டிருக்கும் அச்சமும் பற்றும் நம் வாசகர் அறிந்தவையே. அங்கே நீர் பெறுவோர் ஒரு மாநிலத்தார், அணைக்குக் கீழே வாழ்வோர் மற்றொரு மாநிலத்தார் என்பதுதான் வழக்கின் வேர்.

நம் கரையின் நிலையும், அளவில் சிறிதாயினும், அத்தகையதே. தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தின் வயல்கள் மேலே இருக்கின்றன. அதிலிருந்து ஒரு கால்வாய் இங்கினிமிட்டியவுக்கும் நீர் கொண்டுபோக அமைக்கப்பட்டது. சிலாபத்தாரின் பங்குக்கு வருவது பெரும்பாலும் வான்கதவு திறந்த வெள்ளந்தான். முன்னேஸ்வரத்து உற்சவத்தில் சுவாமி தீர்த்தமாடுவதும், மானாவரியில் இராமர் சிவலிங்கம் ஸ்தாபித்தார் என்ற ஐதிகம் வழங்குவதும் அதே ஆற்றங்கரையில். 2016ஆம் ஆண்டு மே மாதத்திலே அந்த ஆறு சிலாபத்தை மூழ்கடித்தது. வடக்கே புத்தளம் நகரத்தின் தாழ்நிலங்களும் மீ ஓயாவின் பெருக்கைப் பலமுறை கண்டவை. ஆற்றின் பழைய வெள்ளச் சமவெளியிலே இறால் பண்ணைகள் தோண்டப்பட்டன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் மக்கள் உட்பட, போக்கிடமற்ற பலர் தாழ்ந்த நிலங்களிற் குடியேற நேர்ந்தது. அணை கட்டிய காலத்துப் படத்தில் வெறும் புல்வெளியாயிருந்த இடங்களில் இன்று பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. கதவு அதேதான்; கதவுக்குக் கீழே வாழும் மனிதர்தாம் பெருகியிருக்கிறார்கள். இதனால் ஓர் அணையின் ஆபத்து, அதிலே ஒரு கல் அசையாமலே, ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டு போகிறது.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா என்னும் சூறாவளி இத்தீவை ஊடறுத்துச் சென்றபோது அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். திருகோணமலைப் பக்கத்திலே மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தது. புத்தளம் – அனுராதபுரத் தெருவிலே கலா ஓயா பாலத்தருகில் பயணிகள் பஸ் ஒன்று பெருவெள்ளத்திற் சிக்கி, அதிலிருந்த அறுபதுக்கு மேற்பட்டோர் நெடுநேரம் உயிரைக் கையிற் பிடித்திருந்து, முடிவில் மீட்கப்பட்டார்கள். அந்த வெள்ளத்திலே மழையின் பங்கு எவ்வளவு, கதவுகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது நிபுணர் வேலை. எனினும் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 2023 செப்டெம்பரிலே, லிபியா தேசத்துத் தேர்னா என்னும் கடற்கரை நகரத்துக்கு மேலே 1970களில் எழுந்த இரண்டு அணைகள் ஒரே இரவில் உடைந்து ஆயிரக்கணக்கானோரைக் கடலுக்குள் அடித்துச்சென்றதை நினைக்கும் புத்தளத்தான் எவனும், மேட்டில் இருப்பது நமக்குத் தொடர்பில்லாதது என்று சொல்லத் துணியான். அங்கே வெடிப்புகள் இருப்பதாக முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. உள்நாட்டு யுத்தத்தின் நடுவே பழுதுபார்க்க ஆளில்லாது போயிற்று.

நான் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு புரட்டாதியிலும், மாரிக்கு முன்னதாக, கலா ஓயா, மீ ஓயா, தெதுரு ஓயா ஆகிய மூன்றின் மேலுள்ள அணைகளைப் பரிசோதித்த அறிக்கையின் சாரம், எந்தக் கதவு பழுது, எப்போது திருத்தப்பட்டது, எவ்வளவு நீர் திறந்தால் எந்தக் கிராமம் மூழ்கும் என்ற விவரங்களுடன், தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட்டு, கருவலகஸ்வெவ முதல் சிலாபம் வரையுள்ள ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோயில் மணியும் மாதா கோயில் மணியும் நள்ளிரவு எச்சரிக்கைக்கு எவ்வாறு உபயோகப்படும் என்று கிராமங்கள்தோறும் ஒரு முறையேனும் ஒத்திகை பார்க்கப்பட வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களத்திலே கதவுக்குக் காவலிருக்கும் கடைநிலை ஊழியரின் வெற்றிடங்கள் எக்காரணம் பற்றியும் நிரப்பாது விடப்படலாகாது. வெல்விதானையை நீக்கிய நாடு, அவன் செய்த வேலையையும் சேர்த்து நீக்க உரிமை பெறவில்லை.

தப்போவக் குடியேற்றத்தின் ஆரம்ப காலத்தையும், 1957ஆம் ஆண்டு வெள்ளத்தையும் நேரிற் கண்ட பெரியவர்கள் நம் வாசகர் குடும்பங்களில் இன்னும் இருக்கக்கூடும். அவர்கள் நினைவிலிருப்பதை இளையவர்கள் கேட்டு எழுதி அனுப்பினால், இத்தொடர் நூலுருவாகும்போது நன்றியுடன் சேர்த்துக்கொள்ளப்படும். அடுத்த அத்தியாயம் புத்தளத்து உப்பளங்களைப் பற்றியது.